மாமா ராமன், மருமகன் பஞ்சரத்தினம்: ஒளியின் கணக்கில் மிச்சம் விழுந்ததைக் கவனித்த 22 வயது இளைஞர்

கொச்சியை ஒட்டிய கும்பளங்கி தீவை நம்மில் பலருக்கு 2019-ல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம் மூலமாகத்தான் தெரியும். ராத்திரியில் நீலமாக மின்னும் அந்தக் காயல் தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனா, நாம இப்போ பேசப் போறது அதே தண்ணீரில் பகல்ல நடக்கிற ஒரு விஷயத்தைப் பத்தி.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் கும்பளங்கி கரையில், மேற்கே பார்த்து நின்றால் காயல் முழுக்க வெள்ளித் தகடு மாதிரி கண்ணைக் கூசும். சீன வலை தெரியும், வலைக்குக் கீழே தண்ணீருக்குள் என்ன இருக்குன்னு தெரியாது. இப்போ ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸை மாட்டுங்க. கூச்சம் அப்படியே வடிஞ்சு போய், தண்ணீருக்குள் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். அதே கண்ணாடியோடு தலையை ஒரு பக்கமா சாய்ச்சா, கூச்சம் திரும்ப வந்துடும். அப்படியே கையில் இருக்கிற போனை மெதுவாகத் திருப்பிப் பாருங்க. பல போன்களில் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டு போகும்.

தண்ணீர், கண்ணாடி, போன் மூன்றிலும் வேலை செய்வது ஒளியின் ஒரே குணம். அந்தக் குணத்தின் கணக்கில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்ன மிச்சத்தை 1956-ல் பெங்களூருவில் ஒரு 22 வயது இளைஞர் கவனித்தார். அவர் பெயர் பஞ்சரத்தினம். அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உலகத்துக்குப் புரிந்தது.

முதலில், போலரைஸ்டு ஒளி என்றால் என்ன?

ஒளி ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை ஆட்டினால் அலை ஓடும், இல்லையா? மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டில் ஆட்டலாம், வட்டமாகவும் சுழற்றலாம். சூரிய ஒளியில் இந்த எல்லா ஆட்டங்களும் கலந்து கிடக்கும். ஏதாவது ஒரு விதமான ஆட்டம் மட்டும் இருந்தால் அது போலரைஸ்டு ஒளி. பள்ளிப் புத்தகத்தில் 'தளவிளைவு' என்று படித்தது இதைத்தான்.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பகுதி பக்கவாட்டில் ஆடுவது. கூலிங் கிளாஸ் அதை மறித்துவிட்டு, மேலும் கீழும் ஆடுவதை மட்டும் உள்ளே விடுகிறது. எல்சிடி திரையில் இதே வேலையை இரண்டு போலராய்டு தாள்களும், நடுவில் இருக்கும் திரவப் படிகமும் சேர்ந்து செய்கின்றன. திரவப் படிகம் என்பது திரவம் மாதிரி ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தைப் போல ஒரே திசையில் அடுக்கி நிற்கும். மின்சாரம் கொடுத்தால் அவை திரும்பும். அவை திரும்பினால், உள்ளே போகும் ஒளியின் ஆட்டமும் மாறும்.

யார் இந்த பஞ்சரத்தினம்?

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் 1934-ல் கொல்கத்தாவில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். அவருடைய தாய்மாமன் சர் சி.வி. ராமன், திருச்சியில் பிறந்து 1930-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். பஞ்சரத்தினம் பிறந்த அதே 1934-ல்தான் ராமன் பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தைத் தொடங்கி, அதற்கென ஓர் ஆய்விதழையும் ஆரம்பித்தார். பிற்பாடு மருமகனின் முக்கியமான கட்டுரைகள் எல்லாம் அந்த இதழில்தான் வந்தன. அது அவருக்கு வரமாகவும் தடையாகவும் அமைந்தது.

இந்தக் குடும்பத்தின் பெயர்கள் கொஞ்சம் குழப்பும். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றி ஆராய்ந்து 1983-ல் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். திரவப் படிக ஆய்வில் உலகப் பெயர் எடுத்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் வேறு ஒருவர். பஞ்சரத்தினத்தைப் போல அவரும் ராமனைத் தாய்மாமன் என்று அழைத்தவர். இந்தக் கதையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

1950களின் நடுவில் பஞ்சரத்தினம் ராமன் ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1948-ல் ராமன் தொடங்கிய அந்த இடம் அப்போது ரொம்பச் சின்னது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். பெரிய இயந்திரங்கள் கிடையாது. லேசர் என்ற கருவியே 1960-ல்தான் பிறந்தது. இருந்தது ராமன் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கற்களும் படிகங்களும், சில விளக்குகள், லென்ஸ்கள், போலராய்டுகள்.

1955-ல் அவர் செய்த முதல் பெரிய வேலை ரொம்ப நடைமுறையானது. ஒளியின் ஆட்டத்தை மாற்ற மெல்லிய படிகத் தகடுகளைப் பயன்படுத்துவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புக்குச் சரியாக வேலை செய்யும் தகடு நீலத்துக்குத் தப்பாக வேலை செய்யும். ஒரே பொருளில் மூன்று தகடுகளை எடுத்து, குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி அடுக்கினால் ஒன்றின் பிழையை மற்றொன்று பெருமளவு சரிசெய்துவிடும் என்று அவர் காட்டினார். பல நிறங்களுக்கும் பொதுவாக வேலை செய்யும் இந்த அடுக்குமுறை, இன்றும் வானியல் தொலைநோக்கிகளில் நட்சத்திர ஒளியை அளக்கப் பயன்படுகிறது.

எல்லோரும் ஒதுக்கிய கல்

அடுத்து அவர் கையில் எடுத்தது அயோலைட் என்ற கல். நம்ம திருச்சி, கரூர் வட்டாரத்திலும் கிடைக்கிற நீலக் கல்தான். ஒரு பக்கமாகப் பார்த்தால் ஊதா கலந்த நீலம், இன்னொரு பக்கமாகத் திருப்பினால் நிறமே வெளுத்துப்போகும். காரணம், ஒளியை அது திசைக்குத் திசை வேறு அளவில் விழுங்குகிறது.

பாடப்புத்தகங்களுக்குப் பிடித்தது ஒளியை விழுங்காத சுத்தமான படிகங்கள். அவற்றில் கணக்கு அழகாக இருக்கும்: எந்தத் திசையில் போனாலும் இரண்டு விதமான ஆட்டங்கள் மாறாமல் கடந்து வரும். அயோலைட் போன்ற கல்லில் சில தனித் திசைகளில் இந்த விதி உடைந்துவிடும். அங்கே இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு ஆட்டம்தான் மாறாமல் வரும். உதாரணமாக வலது பக்கமாகச் சுழலும் ஒளி அப்படியே கடந்து வந்தால், இடது பக்கமாகச் சுழலும் ஒளி போகப் போக வலதாக மாறிக்கொண்டே வரும். ஜெர்மனியின் வோல்டெமார் ஃபோக்ட் இப்படி நடக்கும் என்று 1902-ல் எழுதியிருந்தார். பல பத்தாண்டுகளாக அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சரத்தினம் கல்லை வைத்துச் சோதித்து, கணக்கையும் முழுசாகப் போட்டார்.

விதி உடையும் அந்த மாதிரிப் புள்ளிகளை இப்போது 'எக்ஸெப்ஷனல் பாயின்ட்' என்று சொல்லி, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

மூணு வாட்ச், ஒத்துப்போகாத நேரம்

அந்தக் கல்லுக்குக் கணக்குப் போடும்போது ஓர் அடிப்படைக் கேள்வி குறுக்கே வந்தது. ஒரே மாதிரி ஆடும் இரண்டு ஒளிக்கதிர்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சுலபம். மேடும் மேடும் சேர்ந்தால் ஒத்துப்போகுது. ஆனா ஒன்று பக்கவாட்டில் ஆடுது, இன்னொன்று வட்டமாகச் சுழலுது என்றால்? எதை எதோடு ஒப்பிடுவது?

அவர் சொன்ன பதில் எளிமையானது. இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒன்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வாருங்க. எந்த இடத்தில் வெளிச்சம் அதிகபட்சமாக இருக்கிறதோ, அந்த இடத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. முற்றிலும் எதிரெதிரான இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இதோடு அவர் நின்றிருந்தால் அது ஒரு நல்ல வரையறை, அவ்வளவுதான். அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். நண்பர்கள் மூணு பேர் வாட்ச் கட்டியிருக்காங்கன்னு வைங்க. முதல் வாட்சும் இரண்டாவதும் ஒரே நேரம் காட்டுது. இரண்டாவதும் மூணாவதும் ஒரே நேரம். அப்படின்னா முதலும் மூணும் ஒத்துப்போய்த்தானே ஆகணும்? ஒளியில் அப்படி இல்லை. மூன்றாவது கதிரை முதல் கதிரோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் மிச்சம் நிற்கிறது.

இந்த மாதிரி மிச்சம் விழுந்தால் பெரும்பாலானவர்கள் அளவீட்டில் பிழை என்று விட்டுவிடுவார்கள், அல்லது வரையறையே தப்பு என்று மாற்றுவார்கள். பஞ்சரத்தினம் அந்த மிச்சத்தின் அளவைக் கண்டுபிடித்தார்.

அந்த மிச்சம் எவ்வளவு?

இதைப் புரிந்துகொள்ள ஓர் உருண்டை போதும். பிரான்ஸ் கணித மேதை ஹென்றி புவான்காரே 1892-ல் கொடுத்த யோசனை இது. உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகை மேல் நேர்கோட்டில் ஆடும் எல்லா ஒளிகளையும் வரிசையாக வையுங்கள். வட துருவத்தில் ஒரு பக்கமாகச் சுழலும் ஒளி, தென் துருவத்தில் எதிர்ப் பக்கமாகச் சுழலும் ஒளி. நீள்வட்டமாக ஆடுபவை எல்லாம் நடுவில். ஒளியின் எந்த ஆட்டத்துக்கும் இந்த உருண்டையில் ஒரு முகவரி உண்டு.

இப்போது மூன்று ஒளிகள் என்றால் உருண்டை மேல் மூன்று புள்ளிகள். சேர்த்தால் ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் உருண்டையின் பரப்பில் எத்தனையில் ஒரு பங்கோ, அலையின் ஒரு முழுச் சுற்றில் அதே பங்குதான் மிச்சம். பக்கவாட்டில் ஆடும் ஒளி, 45 டிகிரி சாய்ந்து ஆடும் ஒளி, வட்டமாகச் சுழலும் ஒளி ஆகிய மூன்றும் சேர்ந்து உருண்டையில் எட்டில் ஒரு பங்கை அடைக்கும். எனவே மிச்சமும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு.

ஏன் இப்படி? வளைந்த பரப்பில் நடந்தால் இது எப்போதும் நடக்கும். ஒரு குச்சியை வடக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு பூமத்திய ரேகையிலிருந்து வட துருவத்துக்கு நடங்க. அங்கே நீங்க மட்டும் 90 டிகிரி திரும்புங்க, குச்சியைத் திருப்பாதீங்க. நேரே கீழே பூமத்திய ரேகைக்கு இறங்கி, அதன் வழியாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வாங்க. வழியில் ஒரு இடத்திலும் குச்சியை நீங்கள் திருப்பவில்லை. ஆனாலும் வந்து பார்த்தால் அது வடக்கே காட்டாமல் பூமத்திய ரேகையோடு படுத்திருக்கும். நடந்த தூரமோ, எடுத்துக்கொண்ட நேரமோ அந்தத் திருப்பத்தைத் தீர்மானிக்கவில்லை. சுற்றி வந்த பாதை அடைத்த பரப்பு தீர்மானித்தது. ஒளியும் இதே மாதிரி, தான் கடந்து வந்த பாதையின் வடிவத்தை மனசில் வைத்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை 1956-ல், மாமா தொடங்கிய இதழில் வந்தது. ஆசிரியருக்கு வயது 22.

பிறகு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. படிக ஒளியியல் துறையில் இருந்த சிலர் படித்தார்கள். மற்ற இயற்பியலாளர்கள் பார்வைக்கு அது போகவே இல்லை. பெங்களூருவிலிருந்து வந்த ஓர் இதழில், அயோலைட் கல் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவில், அணு இயற்பியலையே மாற்றக்கூடிய ஒரு கருத்து இருக்கும் என்று வெளிநாட்டில் யார் தேடியிருப்பார்கள்?

பஞ்சரத்தினம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் மைசூர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அங்கே இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். பிறகு பஞ்சரத்தினம் ஆக்ஸ்ஃபோர்டு போனார். இயற்பியலாளர் ஜார்ஜ் சீரீஸுடன் சேர்ந்து, அணுக்கள் மேல் ஒளி படும்போது அவற்றின் ஆற்றல் நிலைகள் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்தார். முற்றிலும் புதிய துறை. அதிலும் பெயர் எடுக்கத் தொடங்கியபோது, 1969-ல், 35 வயதில் இறந்துபோனார். மாமா ராமன் அதற்கு அடுத்த ஆண்டு, 1970-ல் காலமானார். பஞ்சரத்தினத்தின் கட்டுரைகளைத் தொகுத்து 1975-ல் ஒரே நூலாகக் கொண்டுவந்தவர் அதே ஜார்ஜ் சீரீஸ்.

1984-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்ரி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குவாண்டம் அமைப்பை மெதுவாக ஒரு சுற்று சுற்றி பழைய நிலைக்கே கொண்டுவந்தால், பாதையின் வடிவத்தை மட்டும் பொறுத்து ஒரு கட்ட வித்தியாசம் மிஞ்சும் என்று காட்டினார். இயற்பியல் உலகமே பரபரப்பானது. 'பெர்ரி கட்டம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பெங்களூருவில் இதைப் படித்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். ராமனின் இன்னொரு மருமகனும், இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான சிவராஜ் ராமசேஷனும், ராஜாராம் நித்யானந்தாவும் 1986-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். பெர்ரி கண்டுபிடித்ததன் ஆரம்பகால உதாரணம் ஒன்று 1956-லேயே இங்கே இருக்கிறது என்பது அதன் சாரம். அதோடு விடாமல், ராமன் ஆய்வு நிறுவனத்தில் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் 1988-ல் லேசர் வைத்து அந்த மிச்சத்தை அளந்து காட்டினார்கள்.

பெர்ரி தன் பங்கை நேர்மையாகச் செய்தார். பெங்களூரு வந்தார், பழைய கட்டுரையைப் படித்தார், 1987-ல் பஞ்சரத்தினத்தின் கண்டுபிடிப்பை குவாண்டம் மொழியில் விளக்கித் தனிக் கட்டுரையே எழுதினார். இன்று 'பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம்' என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெர்ரி சொன்னது எல்லாக் குவாண்டம் அமைப்புகளுக்கும் பொருந்தும் பொது விதி. பஞ்சரத்தினம் சொன்னது ஒளியின் ஆட்டத்துக்கு மட்டும். ஒளி தொடர்பான வேறு சில உதாரணங்களை 1938-லும் 1941-லும் ரஷ்யாவில் ரைட்டோவும் விளாதிமிர்ஸ்கியும் எழுதியிருந்தார்கள். ஒரே உண்மையைப் பல பேர் பல இடத்தில் தொட்டிருக்கிறார்கள்.

தலைச்சுழியும் திரவப் படிகமும்

அவர் கண்டுபிடித்தது இப்போ எங்கே பயன்படுது? பதில் நம்ம தலையிலேயே இருக்கு. முடியை எந்தப் பக்கம் வாரினாலும் உச்சியில் ஒரு சுழி நிற்கும். சுழியின் நடுவில் முடி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. திரவப் படிகத்திலும் மூலக்கூறுகள் இப்படிச் சுழி போடும். டிவி தயாரிப்பவர்களுக்கு அது குறை. இயற்பியலில் அதன் பெயரே 'குறைபாடு'தான்.

2006-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் லொரென்சோ மருச்சியின் குழு அந்தக் குறையையே கருவியாக்கியது. மெல்லிய திரவப் படிகப் படலத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு சுழியை வைத்தார்கள். படலத்தின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இடது பக்கமாகச் சுழலும் ஒளி உள்ளே போனால் எல்லா இடத்திலும் வலதாக மாறித்தான் வெளியே வரும். நம்ம உருண்டையில் சொன்னால், எல்லாக் கதிர்களும் ஒரு துருவத்தில் புறப்பட்டு மறு துருவத்தில் இறங்குகின்றன. ஆனால் மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒவ்வொன்றும் வேறு வேறு தீர்க்கரேகை வழியாகப் போகிறது. இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவில் அடைபடும் பரப்பு, பஞ்சரத்தினம் சொன்ன அதே மிச்சமாக வெளியே வரும். சுழியைச் சுற்றி இந்த மிச்சம் ஏறிக்கொண்டே போவதால், ஒளி திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு, நடுவில் இருட்டோடு வெளியேறுகிறது.

அந்த நடு இருட்டுக்கு ஓர் அருமையான பயன் கிடைத்தது. நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்களைப் படம் எடுப்பது கஷ்டம், நட்சத்திரத்தின் வெளிச்சம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். நட்சத்திரத்தைச் சரியாகச் சுழியின் மேல் வைத்தால் அதன் ஒளி ஓரத்துக்கு விலகிப்போகும், பக்கத்தில் இருக்கும் கோள் தெரியும். 2010-ல் அமெரிக்காவின் பாலோமர் மலைத் தொலைநோக்கியில், வெறும் 1.5 மீட்டர் அகலத்தை மட்டும் பயன்படுத்தி, எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தின் மூன்று கோள்களை இப்படித்தான் பிடித்தார்கள்.

இன்னொரு வகைக் குறையும் உண்டு. சில திரவப் படிகங்களில் மூலக்கூறுகள் சுழல் மாடிப்படி மாதிரி அடுக்கடுக்காகத் திரும்பிக்கொண்டே போகும். அந்தப் படி எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அதே பக்கம் சுழலும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட நிறப் பட்டையை அது திருப்பி அனுப்பிவிடும். எதிர்ப் பக்கம் சுழலும் ஒளியை விட்டுவிடும். இந்தத் தெறிப்பின் கணக்கை 1960களில் மைசூரில் போட்டவர்களில் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் ஒருவர். இப்போது மாடிப்படியின் நடுவில் வேறு பொருளாலான ஒரு மெல்லிய அடுக்கைச் செருகினாலோ, ஒரு படியை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தாலோ, தடுக்கப்பட்ட பட்டைக்குள் மிகக் குறுகிய ஒரே ஒரு நிறத்துக்கு வழி திறக்கும். அந்த நிற ஒளி குறையான அடுக்கைச் சுற்றியே தேங்கி நிற்கும். மெல்லிய வடிகட்டிகளும், குறைந்த ஆற்றலில் வேலை செய்யும் சின்ன லேசர்களும் இந்தத் தேக்கத்தை நம்பியே உருவாக்கப்படுகின்றன.

சந்திரசேகர் 1971-ல் ராமன் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வுக்கூடம் அமைத்தார். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-ல் அவர் குழு காட்டியது. அந்தக் கட்டுரையும் 'பிரமாணா' என்ற இந்திய இதழில்தான் வந்தது. ஆனால் அதற்கு உலகம் உடனே திரும்பிப் பார்த்தது. அவர் 2004 வரை இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். பஞ்சரத்தினத்துக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

நீங்களே பார்க்கலாம்

இன்றைக்கு ஆபீஸில் ஒன்று செய்து பாருங்க. லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்க. நிறமில்லாத செல்லோ டேப்பை ஒரு கண்ணாடித் துண்டில் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு ஒட்டி, திரைக்கு முன்னால் பிடிங்க. வெறும் கண்ணில் ஒன்றும் தெரியாது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால், டேப்பில் பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று நிறம் நிறமாக வரும். கண்ணாடியைத் திருப்பினால் நிறங்களும் மாறும்.

டேப்பின் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு நிறத்தையும் வேறு அளவு திருப்புவதால் வரும் வேடிக்கை இது. அடுக்குகளைச் சரியான கோணத்தில் வைத்து இந்த வேற்றுமையை அடக்குவது எப்படி என்பதுதான் 1955-ல் பஞ்சரத்தினம் எடுத்துக்கொண்ட முதல் பெரிய கேள்வி. கையில் டேப்பும் கண்ணாடியும் இருந்தால், நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.